தரிசு என்று எழுதினேன்

நான் இப்போது வசிக்கும் கவுண்டியில் வயலோரமாக வீடு வாங்குகிறவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கவுண்டி என்பதை நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயலிலிருந்து சாண நாற்றம் வரும், அறுவடைக் காலத்தில் விடிவதற்கு முன்பே இயந்திரங்கள் ஓடும், தூசி பறக்கும், ஈ மொய்க்கும். இதெல்லாம் தெரிந்துதான் குடிவருகிறேன், விவசாயி மீது புகார் சொல்ல மாட்டேன் என்று அதில் இருக்கும். சாவியைத் தருவதற்கு முன் அந்தக் காகிதத்தை என் பக்கம் நகர்த்திய பெண், நான் தயங்குவதைப் பார்த்து, "நாற்றம் பழகிவிடும்" என்று ஆறுதல் சொன்னாள். நான் நாற்றத்துக்காகத் தயங்கவில்லை. ஒரு வயலுக்காக மனிதர்களிடம் கையெழுத்து வாங்கும் ஊரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயலில், பாலகாட் சுரங்கத்துப் பக்கம். சுரங்கம் மூடிய பின்னும், பாறையை அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் குன்று குன்றாக அங்கேயே நின்றது. காற்றடிக்கும் மாதங்களில் அது எழுந்து வந்து எங்கள் சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் விழும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பக்கங்களுக்கு நடுவே நறநறக்கும். அந்தத் தூசிக்கு யாரும் எங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. அப்பா கனரக எந்திரத் தொழிற்சாலையில் டர்னர். ஷிப்ட் முடிந்து வந்ததும் தலையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

இங்கே கவுண்டியின் நிலத் திட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. விவசாய நிலம் என்று குறித்த இடத்தில் வீடோ கடையோ வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் சந்திக்கும் தமிழர்கள், "என்ன வேலை?" என்று கேட்டுப் பதிலைத் தெரிந்துகொண்டதும் ஒரு கணம் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். "விளைநிலத்தைக் காப்பாத்துறீங்களா? நம்ம ஊருக்கு வாங்களேன்" என்கிறார்கள். ஊரிலிருந்து பேசும் பழைய தோழிகளும் அதையேதான் சொல்கிறார்கள். அந்த மரியாதை எனக்குச் சேராது. ஏன் என்று ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும்.

படிப்பு முடிந்ததும் எனக்கு முதல் வேலை ராபர்ட்சன்பேட்டையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன பிளான் ஆபீஸில் கிடைத்தது. ஊரின் வருங்காலத்துக்கு வரைபடம் போடும் வேலையில் ஒரு பகுதியை எங்கள் முதலாளி பிடித்திருந்தார். சர்வே நம்பர் சர்வே நம்பராக நடந்து, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வர வேண்டும். வீடா, வயலா, கல் குவாரியா, தோப்பா, தரிசா. அதை வைத்து மேலே இருப்பவர்கள் கலர் போடுவார்கள். பச்சை என்றால் விவசாயம், மஞ்சள் என்றால் குடியிருப்பு. பூதிகோட்டைப் பக்கம் எனக்கு ஒதுக்கினார்கள். கையில் அட்டை, கழுத்தில் துப்பட்டா, பையில் தண்ணீர் பாட்டில். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அங்கேதான் வெங்கடரமணப்பாவைப் பார்த்தேன். இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்பூச்சி வளர்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இளவயதில் பாலகாட்டில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சைக்கிளில் தக்காளி விற்றவர் என்பதால் எங்கள் தமிழே அவர் வாயில் இருந்தது. வரப்பில் நின்று எழுதிக்கொண்டிருந்த என்னை அவர்தான் கூப்பிட்டார்.

"வெயில்ல இன்னாத்துக்குமா நின்னுக்கினு கீற? வூட்டாண்ட வா. ஒரு வாய் சாப்ட்டு எழுது."

அவர் மனைவி நாகரத்னா களியும் தக்காளிக் கொத்சும் போட்டார். அவர்களின் ஒரே மகள் சுஜாதா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். என் அட்டையையும் பேனாவையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள். சாப்பிட்டபின் வெங்கடரமணப்பா என்னைப் புழு மனைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் தட்டுகளில் ஆயிரக்கணக்கில் புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன. "பேசாத நின்னு கேளு" என்றார். ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். வெளியே நல்ல வெயில்.

சாப்பிட உட்காரும் முன் நான் கை கழுவ வெளியே போனபோது என் அட்டை கட்டில் மேல் இருந்தது. அதில் அவருடைய சர்வே நம்பருக்கு நேரே, அவர் வரப்பில் நின்றபடி, நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். 'பீளு.' தரிசு என்பதற்குக் கன்னடம்.

அதை எழுதச் சொன்னவர் முதலாளி. அன்று காலை கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னார். "ஜாய்ஸ், அந்த சைடு பூரா லேஅவுட் வரப்போகுது. நடுவுல ஒரு பச்சை இருந்தா பார்ட்டிக்குத் தொந்தரவு. பீளுன்னு போட்டுடு. ஒரு வார்த்தைதானம்மா." வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எனக்கு வெளிநாட்டில் நிலத் திட்டப் படிப்புக்கு இடம் வேண்டும், அதற்கு இரண்டு வருஷ அனுபவக் கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். என்னை யாரும் மிரட்டினார்கள் என்று இங்கே எழுதினால் அது பொய். இடுப்பளவு மல்பெரிக்கு நடுவே நின்று, அந்த இலை என் முழங்கையில் உரச, நான்தான் எழுதினேன். எழுதிவிட்டுப் போய் அவர்கள் வீட்டில் இரண்டு உருண்டை களி சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதைக்கூட நான் மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஒரு வருஷம் கழித்து வரைபடத்தின் நகல் வெளியானது. ஆட்சேபம் இருப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கன்னடப் பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு கட்டம். வெங்கடரமணப்பா அந்தத் துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"நம்ம நெலத்துக்கு மஞ்சக் கலரு போட்டுக்கீறாங்களாம். மஞ்சன்னா இன்னாம்மா?"

முதலாளி உள்ளறையில் இருந்தார். கதவு திறந்திருந்தது.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். "பேப்பர்ல கலருதான? நெலம் உங்க பேர்லதான கீது. நீங்க பாட்டுக்குப் பயிர் வெச்சிக்கினு இருங்க."

"எதனா எழுதிக் குடுக்கணுமா?"

"வேணாம்ணா."

"நீயே சொல்லிட்ட. அப்ப சரி." சொன்னாரே தவிர உடனே போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு சற்று நேரம் என் மேஜை முன்னால் நின்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பிறகு படியிறங்கிப் போனார். அந்த ஒரு மாதமும் கழிந்தது.

பிளானில் மேலிடத்துக் கையெழுத்து விழும் முன்பே லேஅவுட்காரர்கள் அவர் நிலத்தின் மூன்று பக்கமும் மனைக்கல் நட ஆரம்பித்துவிட்டார்கள். மனைகளைச் சரிபார்க்க என்னையும் அனுப்பினார்கள். கரையானுக்கும் புதருக்கும் என்று டேங்கரில் மருந்து கொண்டுவந்து வேலியோரம் பீய்ச்சினார்கள். காற்று மல்பெரிப் பக்கம் அடித்தது. பட்டுப்புழுவுக்கு அந்த வாசனை பட்ட இலையே போதும். கூடு கட்ட நாலு நாள் இருக்கும்போது அத்தனையும் வாந்தி எடுத்துச் சுருங்கின. நாகரத்னா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கல் நடும் இடத்துக்கே வந்தார். வந்து என் முன்னால் தரையில் வைத்தார். பச்சையாகக் கக்கிக்கொண்டு, தலை மட்டும் வீங்கிய புழுக்கள். சில இன்னும் அசைந்தன. பின்னால் வந்த வெங்கடரமணப்பாதான், "ஆபீஸ்ல சொல்லும்மா. மருந்து வெச்சி அடிக்காதீங்கன்னு மட்டும் சொல்லு" என்றார்.

"சொல்றேண்ணா" என்றேன். சொல்லவில்லை. என் அனுபவக் கடிதம் தட்டச்சாகி முதலாளியின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் நான் நேர்மையும் துல்லியமும் உள்ளவள் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது. அதைக் காட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

இனி டோரத்தியின் கதை. அவள் எங்கள் கவுண்டியின் வடகோடியில் தனியாகப் பண்ணை வைத்திருந்த எழுபது கடந்த விதவை. ஒருநாள் எங்கள் கவுண்ட்டருக்கு வந்தாள். வேறு ஊரில் லாரி ஓட்டும் மகன் திரும்பி வந்து அவளோடு இருக்கச் சம்மதித்திருக்கிறான். நிலத்தின் மூலையில் அவனுக்கு ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும். விவசாய நிலத்தில் இரண்டாவது வீட்டுக்கு இங்கே அனுமதி இல்லை. அந்த மூலை பயிருக்கு உதவாத மண் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு உண்டு. பார்த்து எழுத வேண்டியவள் நான்.

மண் துளைப்பானை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஊன்றுகோலோடு கூடவே நடந்தாள். "உங்கள் ஊரில் என்ன விளையும்?" என்று கேட்டாள். "தங்கம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவள் வெகுநேரம் சிரித்தாள். அதிலேயே என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டுக்குள் அழைத்தாள். போகவில்லை. விண்ணப்பம் போட்டவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

மூலை மண் கறுத்து, ஈரமாக, கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. முதல் தரம். டோரத்தியும் அதைப் பார்த்தாள். "இங்கே சரளைக்கல் என்று எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று மெதுவாகக் கேட்டாள். "உன் ஊரில் குடும்பம் என்றால் பெரிது என்பார்கள். உனக்குப் புரியும்."

"எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அப்படி எழுதுவதில்லை" என்றேன்.

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குள் எழுந்த நிறைவை மறைக்க மாட்டேன். காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அறிக்கையில் முதல் தரம் என்று எழுதினேன், விண்ணப்பம் தள்ளுபடியானது. மகன் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் டோரத்தி வீட்டுப் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பால்காரன் வரும்வரை பனியில் கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். பண்ணையைப் பக்கத்துப் பெரிய பால் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு, அவள் வீட்டை இடித்து, அந்த இடத்தையும் சேர்த்து உழுதுவிட்டார்கள். வரைபடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பச்சை பச்சையாகவே இருக்கிறது. நிலத்தை விட்டுக்கொடுக்காத ஊழியர் என்று அலுவலகக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். ஒரு குடும்பத்துக்குச் செய்ததை வேறொருத்தியிடம் கழித்துக்கொண்டேன் என்பது அந்தக் கைதட்டலின்போதுதான் எனக்கு உறைத்தது. கழிந்ததா என்றால், அதுவும் இல்லை.

போன வருஷம் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு ஊருக்குப் போனேன். அவர் கடைசிவரை இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த மறுநாள் காலை பூதிகோட்டை பஸ் ஏறினேன். லேஅவுட்டின் நுழைவு வளைவு இருந்தது, பெயர்ப் பலகையில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. உள்ளே தார் பெயர்ந்த சாலைகள், கரன்ட் இல்லாத கம்பங்கள், வரிசை வரிசையாக மனைக்கற்கள். வாங்கியவர்கள் எல்லாம் பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். வீடு என்று பார்த்தால் ஐந்தாறு. மற்றதெல்லாம் சீமைக்கருவேலம். நான் எழுதிய சொல் இத்தனை வருஷம் கழித்து உண்மையாகியிருந்தது.

வெங்கடரமணப்பா வீடு அதே இடத்தில் இருந்தது. லேஅவுட் சாலையால் வழி அடைபட்டு, சுற்றிலும் போட்ட போர்வெல்களால் கிணறு வற்றி, நிலத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டை ஒட்டிய ஒரு துண்டில் கீரை போட்டிருந்தார். பாத்திக்கு நடுவே குந்தியிருந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாகரத்னா வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை நின்றபடியே சொன்னேன். தரிசு என்று எழுதியது நான். ஆட்சேபம் கொடுக்க வேண்டாம் என்றது தெரிந்தே சொன்ன பொய். மருந்து விஷயத்தை ஆபீஸில் வாயே திறக்கவில்லை. பாதியில் அழுகை வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

நாகரத்னா என்னை அழ விட்டார். பிறகு சொன்னார். "எங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"நீ கை கழுவப் போனியே, அப்ப சுஜாதா உன் அட்டைய எடுத்துப் படிச்சா. 'பீளுன்னு எழுதிக்கீதும்மா'ன்னா. நான் அப்பவே உன்ன வெளிய அனுப்பச் சொன்னேன். இவருதான், 'சின்னப் பொண்ணு, தப்பா எழுதிட்டுக்கீது, அதுவே மாத்தும்'ன்னாரு."

வெங்கடரமணப்பா கீரையிலிருந்து கையை எடுக்காமல், "அதுக்குத்தாம்மா ஆபீசுக்கு வந்தேன்" என்றார். "மஞ்சன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவன்னு பாத்தேன். கொஞ்சம் நின்னுகூடப் பாத்தேன்."

"அப்புறம் ஏண்ணா ஆட்சேபம் எழுதிக் குடுக்கல?"

"குடுத்தேனே. வேற ஆள வெச்சி எழுதிக் குடுத்தேன். எடம் பாத்தவங்க பீளுன்னு எழுதிக்கீறாங்க, நீ இன்னா மல்பெரின்றன்னு திருப்பிட்டாங்க."

நாகரத்னா, "இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டார். "எங்களாண்ட சொல்லிட்டு லேசாப் போலாம்னா? லேசாப் போகாத. அப்படியே தூக்கிக்கினு போ." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது வெங்கடரமணப்பா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மன்னிக்க வருகிறார் என்று, இவ்வளவு கேட்ட பிறகும், நினைத்தேன். அவருக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. பழைய பிளானைத் திருத்துகிறார்களாம். அந்தக் கீரைத் துண்டின் மேல் ஒரு சாலை போகிறதாம். "உனக்குத்தான் இந்த வேல தெரியுமே. வக்கீல் மாதிரி எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடறேன்."

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. சர்வே நம்பர், மண்ணின் தரம், பாத்தி எத்தனை, கீரை என்னென்ன. சாட்சி என்ற இடத்தில் என் பெயரையும் போட்டேன். ஆட்சேபம் வாங்கும் அரசு ஆபீஸில் குமாஸ்தா அதை மேலிருந்து கீழே படித்துவிட்டுச் சாட்சிப் பகுதியில் விரலை வைத்தார்.

"இது இன்னா அட்ரஸ்? ஃபாரினா? இந்த ஊர் அட்ரஸ் போடுங்க மேடம்."

"இந்த ஊர்ல அட்ரஸ் இல்ல" என்றேன். முந்தின நாள்வரை இருந்தது.

"நெலத்துல பங்கு கிங்கு உண்டா?"

"இல்ல."

அவர் வெங்கடரமணப்பாவிடம் திரும்பினார். "இவங்க உங்களுக்கு யாரு?"

வெங்கடரமணப்பா யோசிக்கவே இல்லை. "யாரும் இல்ல சார். அன்னிக்கு எடம் பாத்து எழுதினவங்க."

குமாஸ்தா என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். முத்திரை குத்திய நகலை வெங்கடரமணப்பாவிடம் கொடுத்தார். அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பூதிகோட்டை பஸ் நிற்கும் பக்கம் அவர் நடந்து போனார். அந்த ஆட்சேபம் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அவரிடம் என் நம்பர் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

பங்காருப்பேட்டை போகும் தனியார் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா போணும்? ஏறிக் குந்திக்கினு பதில் சொல்ல மாட்டேன்றீங்க?"

"ஸ்டேஷனாண்ட எறக்கி வுட்ருங்கண்ணா" என்றேன். பதினான்கு வருஷமாக அந்நிய நாட்டில் புழங்காத பேச்சு அப்படியே வாயில் வந்தது.

அவர் சிரித்துவிட்டார். "பேச்சப் பாத்தா நம்ம ஊரு மாதிரி கீது. எந்த லைனு? யாரு வூட்டுப் பொண்ணு?"

"வெளியூருங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போகும்போதும் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.